ஆடு ஏன் ஐந்தாம் பக்கத்திலேயே வந்தது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது சரிதானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்காக ஒரு கதை எழுதியிருக்கிறீர்கள். தாத்தா சந்தையில் ஒரு வாழைத்தார் வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறார். வழியில் டீக்கடை, கோயில், பள்ளிக்கூடம் என்று நின்று நின்று எல்லோரிடமும் பேசுகிறார். வீட்டு வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தால் வெறும் தார்க்காம்புதான் இருக்கிறது. கடைசி வரியில், பின்னாலேயே வந்த ஆடு எல்லாப் பழத்தையும் தின்றுவிட்டது என்று போட்டு உடைக்கிறீர்கள். ஆனால் ஓவியர் அனுப்பிய ஸ்கெட்ச்சில் ஐந்தாம் பக்கத்திலேயே, டீக்கடைக்குப் பின்னாலிருந்து ஆடு எட்டிப் பார்க்கிறது. அதற்குப் பிறகு பக்கத்துக்குப் பக்கம் தின்றுகொண்டே வருகிறது. நான் எழுதாததை வரைய அவருக்கு என்ன உரிமை, என் சஸ்பென்ஸ் போய்விட்டதே என்று கேட்கிறீர்கள். உரிமையைப் பற்றிக் கடைசியில் இரண்டு வார்த்தை சொல்கிறேன். நீங்கள் உண்மையில் கேட்பது, இந்த ஜோக்கைச் சொல்லவேண்டியது எழுத்தா படமா என்பதைத்தான் என்று நினைக்கிறேன்.

நான் பல வருடங்களாகச் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். மற்றவர்கள் எழுதி வரைந்த புத்தகங்களைத் தொகுக்கும் வேலையும் அவ்வப்போது செய்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆடு இருக்கட்டும், உங்கள் கடைசி வரியை எடுத்துவிடுங்கள். ஏன் என்பதற்குத்தான் மீதி.

இந்தப் புத்தகத்தை யார் எப்படிப் படிக்கப்போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவோ தாத்தாவோ எழுத்தைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பார்கள். மடியில் இருக்கிற குழந்தைக்கு எழுத்து தெரியாது, அதனால் அது படத்தைத்தான் பார்க்கும். இது வெறும் ஊகம் இல்லை. கண் அசைவைப் பதிவுசெய்யும் கருவியை வைத்து, கனடிய ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பள்ளி சேராத வயதுக் குழந்தைகள் கதை கேட்கும்போது அச்செழுத்தின் பக்கமே கிட்டத்தட்டத் திரும்புவதில்லை என்று தெரியவந்தது. ஆக ஒரே பக்கத்தில் இரண்டு பேர் இரண்டு வேலை செய்கிறார்கள். பெரியவரின் கண் வரியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, குழந்தையின் கண் படத்தில் மேய்கிறது. டீக்கடைக்குப் பின்னால் ஆட்டைக் குழந்தைதான் முதலில் பார்க்கும். "தாத்தா டீ குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார்" என்று நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, "ஆடு! ஆடு!" என்று அது கத்தும். வீட்டில் எந்நேரமும் எல்லாம் தெரிந்தவராக இருக்கிற பெரியவருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிகிறது. அந்த வயதில் இதற்கு ஈடான சந்தோஷம் குறைவு. சிரிப்பு அங்கிருந்துதான் வருகிறது.

இதை மிகச் சுத்தமாகச் செய்து காட்டிய புத்தகம், இங்கிலாந்தின் பாட் ஹட்சின்ஸ் 1968-இல் வெளியிட்ட 'ரோஸீஸ் வாக்'. அவருடைய முதல் புத்தகம் அது. முழுப் புத்தகத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம், 32 வார்த்தை. ரோஸி என்கிற கோழி உலாவப் போகிறது. முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோல் போரின் மேலேறி, மாவு மில்லைத் தாண்டி, வேலியில் நுழைந்து, தேனீப் பெட்டிகளுக்கு அடியில் புகுந்து, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது. எழுத்தில் இருப்பது இவ்வளவுதான். இதை மட்டும் ஒருவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினால், இதில் என்ன கதை இருக்கிறது என்று கேட்பார். படத்திலோ, முதலிலிருந்தே ஒரு நரி ரோஸியின் பின்னால் வருகிறது. ஒவ்வொரு தடவை பாயும்போதும் அடி வாங்குகிறது. நரி என்ற வார்த்தை புத்தகத்தில் எங்கேயும் இல்லை.

அதில் ஒரே ஒரு இடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ரோஸி முற்றத்தைக் கடக்கிறது, பின்னால் நரி காற்றில் பாய்ந்துகொண்டிருக்கிறது. அது விழப்போகிற இடத்தில், வைக்கோல் வாரும் பல்லுக் கட்டை தரையில் கிடக்கிறது. ஹட்சின்ஸ் அதை ஒளிக்கவில்லை, எல்லோரும் பார்க்கிற மாதிரி வரைந்திருக்கிறார். பக்கத்தைத் திருப்பினால் எழுத்தே இல்லாத படம்: நரி பல்லில் மிதித்துவிட்டது, கட்டை எழுந்து மூக்கில் அடித்துவிட்டது. அடுத்து குளம், திருப்பினால் நரி தண்ணீரில். புத்தகம் முழுக்க பெரும்பாலும் இதே தாளம்தான். ஒரு விரிப்பில், அதாவது புத்தகத்தைத் திறந்தால் சேர்ந்து தெரிகிற இரண்டு பக்கத்தில், எழுத்தும் ஆபத்தும், அடுத்த விரிப்பில் எழுத்தில்லாமல் விளைவு. இரண்டாவது தடவையிலேயே குழந்தைக்கு விதி பிடிபட்டுவிடும். மூன்றாவது தடவை, பக்கம் திருப்பும் முன்பே அடுத்து நரிக்கு என்ன ஆகும் என்று அது சொல்லத் தொடங்கும். மில்லில் ரோஸியின் காலில் ஒரு கயிறு சிக்கி, தொங்கும் மாவு மூட்டையை இழுத்துவிட, மாவெல்லாம் நரியின் தலையில் கொட்டுகிறது. ரோஸிக்கு இதெல்லாம் தெரியுமா, தெரியாமலே நடக்கிறதா? அதன் முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாதபடி வரைந்திருக்கிறார். ஒரே வகுப்பில் பாதிக் குழந்தைகள் தெரியும் என்பார்கள், பாதி தெரியாது என்பார்கள்.

இங்கே உங்கள் ஸ்கெட்ச்சுக்கு உடனடியாகப் பயன்படுகிற ஒரு விஷயம் இருக்கிறது. புத்தகத்தில் இரட்டைப்படைப் பக்கம் இடது பக்கம், ஒற்றைப்படைப் பக்கம் வலது பக்கம். 8-ஆம் பக்கமும் 9-ஆம் பக்கமும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். 9-இலிருந்து 10-க்குப் போகத்தான் தாளைத் திருப்பவேண்டும். நீங்கள் அனுப்பிய விவரத்தின்படி, கோயில் வாசலில் தாத்தா செருப்பைக் கழற்றும் படம் 8-இல், ஆடு முதல் சீப்பை இழுக்கும் படம் 9-இல். காரணமும் விளைவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. 9-ஐ 10-க்குத் தள்ளச் சொல்லுங்கள். 9-இல் ஆட்டின் வாய்க்கும் பழத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளியைத் தாள் திருப்புகிற கை நிரப்பிக்கொள்ளும். இதைத்தான் நீங்கள் சஸ்பென்ஸ் என்று தேடுகிறீர்கள். யார் தின்றது என்பதில் இல்லை, எப்போது தின்னும் என்பதில் இருக்கிறது.

யார் என்பதைக் கடைசிவரை மறைத்து வைப்பதும் தவறில்லை, நல்ல புத்தகங்கள் அப்படியும் உண்டு. ஆனால் அந்த ஆச்சரியம் ஒரு தடவைக்குத்தான். குழந்தைகள் ஒரு புத்தகம் பிடித்துவிட்டால் தினமும் அதையே நீட்டும், நமக்குச் சலித்த பிறகும் நீட்டும். நாளைக்கு ராத்திரி உங்கள் கடைசி வரியில் ஆச்சரியம் மிச்சமிருக்காது. ஆட்டைத் தான் மட்டும் பார்க்கிற குஷியோ நாற்பதாவது தடவையும் குறையாது. இரண்டும் வேண்டுமானால் ஒரு நடுவழி இருக்கிறது. முதல் இரண்டு மூன்று பக்கங்களில் முழு ஆட்டைக் காட்டாமல், வேலிக்கு மேலே ஒரு கொம்பு, டீக்கடைப் பலகைக்குக் கீழே நாலு கால் என்று வைக்கலாம். முதல் தடவை தவறவிட்ட குழந்தை இரண்டாவது தடவை கண்டுபிடிக்கும்.

நீங்கள் கோபப்படுவதற்குக் காரணம் உங்களிடம் இல்லை, நாம் வளர்ந்த பத்திரிகைகளில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த படங்கள் நம் எல்லோர் தலையிலும் இருக்கின்றன. தோளில் வேதாளத்தோடு, கையில் உருவிய வாளோடு விக்கிரமன் நடந்து வருவான். அற்புதமான கோடு. ஆனால் அந்தப் படம் கதை சொன்னதைத்தான் காட்டும், கதை சொல்லாததைச் சொல்லாது. கதை முழுமையாக எழுதப்பட்டுவிடும், அதில் ஒரு காட்சியை எடுத்து ஓவியர் வரைவார். படம் எழுத்துக்கு அடங்கியது என்ற எண்ணம் அங்கே நமக்குப் படிந்துவிட்டது. இத்தனைக்கும் படமே ஜோக் சொல்லும் வித்தை நமக்குப் புதிதில்லை. கோபுலு ஆனந்த விகடனில் வசனமே இல்லாமல் போட்ட ஜோக்குகளைப் பார்த்து ஒரு தலைமுறையே சிரித்தது. அது பெரியவர்களின் வாரப் பத்திரிகையில் இருந்தது, குழந்தைகளின் கதைப் பக்கத்துக்கு வந்துசேரத் தாமதமானது, அவ்வளவுதான்.

எழுதாததை வரைவது நேற்று வந்த வழக்கமும் இல்லை. இங்கிலாந்தில் ராண்டால்ஃப் கால்டிகாட் 1882-இல் ஒரு பழைய குழந்தைப் பாட்டுக்குப் படம் போட்டார். பூனை பிடில் வாசிக்கும், பசு நிலாவைத் தாண்டும், கடைசியில் தட்டு கரண்டியோடு ஓடிப்போகும். பாட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது. கால்டிகாட் அதற்குப் பிறகு இன்னொரு படம் வைத்தார், பாட்டில் இல்லாதது: தட்டு கீழே உடைந்து கிடக்கிறது, கரண்டியை முள்கரண்டியும் கத்தியும் இரண்டு பக்கமும் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், பெண்ணைப் பெற்றவர்கள் மாதிரி. ஓடிப்போன ஜோடிக்கு என்ன கதி ஆனது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் சொல்லிவிட்டார். சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கிறது. அமெரிக்காவில் சிறந்த படப்புத்தக ஓவியருக்கு 1938 முதல் கொடுக்கும் பதக்கம் இவர் பெயரில்தான் இருக்கிறது.

எழுத்துக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி வைக்க வேறு வழிகளும் உண்டு. ஜான் பர்னிங்ஹாம் 1977-இல் செய்த ஒரு புத்தகத்தில் ஷெர்லி என்கிற சிறுமி அப்பா அம்மாவோடு கடற்கரைக்குப் போகிறாள். இடது பக்கத்தில் அவர்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நாயைத் தொடாதே, செருப்பை அழுக்காக்காதே என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வலது பக்கத்தில் எழுத்தே இல்லை. அங்கே அவள் கடற்கொள்ளையர்களோடு சண்டை போட்டுப் புதையல் எடுத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பக்கமும் கடைசிவரை ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை.

ஜான் கிளாசனின் 'திஸ் இஸ் நாட் மை ஹாட்' 2012-இல் வந்தது, அட்லாண்டிக்கின் இரு கரையிலும் பெரிய ஓவியப் பரிசை வாங்கியது. ஒரு குட்டி மீன் பெரிய மீனின் தொப்பியைத் திருடிக்கொண்டு போகிறது, போகிற வழியில் நம்மிடம் பேசுகிறது. பெரிய மீன் தூங்குகிறது, இப்போதைக்கு எழுந்திருக்காது என்கிறது. படத்தில் பெரிய மீனின் கண் திறந்திருக்கிறது. எழுந்தாலும் தொப்பி போனதைக் கவனிக்காது என்கிறது. படத்தில் அந்தக் கண்ணின் கருவிழி மேலே, தொப்பி இருந்த இடத்தைப் பார்க்கிறது. உடம்பு அசையவில்லை, வாய் அசையவில்லை, கருவிழி மட்டும்தான் இடம் மாறியிருக்கிறது. இதை நீங்களே வரைந்து பார்க்கலாம். ஒரு முட்டை வடிவம் போட்டு, அதன் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள், சும்மா பார்க்கிற கண். புள்ளியை ஓரத்துக்கு நகர்த்துங்கள், எதையோ திருட நினைக்கிற கண். மேலே பாதி இமை மூடுங்கள், தனக்கு ஒன்றுமே தெரியாது என்கிற கண். உங்கள் ஆட்டுக்கு இந்த மூன்றும் போதும். தாத்தா திரும்பிப் பார்க்கிற பக்கத்தில் ஆடு அந்த மூன்றாவது கண்ணோடு ஒரு சினிமா போஸ்டரைப் படிப்பதுபோல் நிற்கட்டும்.

அப்படியானால் எழுத்துக்கு வேலையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதுவும் கஷ்டமான வேலை. தெருக்கூத்தில் ராஜா கம்பீரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலேயே நின்று கட்டியங்காரன் நம்மைச் சிரிக்க வைப்பானே, அப்போது ராஜாவும் சேர்ந்து சிரித்துவிட்டால் ஆட்டம் படுத்துவிடும். உங்கள் எழுத்து அந்த ராஜா. அது ஆட்டைப் பார்க்கவே கூடாது. "ஐயோ பாவம் தாத்தா", "ஆனால் பின்னால் யார் பாருங்கள்!" மாதிரி வரிகள் உங்கள் பிரதியில் மூன்று இடத்தில் இருக்கின்றன, மூன்றையும் அடித்துவிடுங்கள். அதற்குப் பதிலாகப் படத்தால் முடியாததைச் செய்யுங்கள். தாத்தா பேசும் பேச்சு, சைக்கிள் மணியின் சத்தம், வாழைப்பழ வாசனை, வெயில் ஏறிக்கொண்டே போனது, திரும்பத் திரும்ப வருகிற ஒரு வரி. "நல்ல தார், கெட்டியாகக் கட்டியிருக்கிறேன், எங்கே போகப்போகிறது" என்று தாத்தா ஒவ்வொரு இடத்திலும் பெருமையடித்துக்கொண்டால் போதும். எழுத்தில் அது வெறும் பெருமை. படத்தோடு சேர்ந்தால் ஒவ்வொரு தடவையும் ஜோக்.

படத்துக்குள் சின்னச் சின்னக் கதைகள் ஓடவும் இடம் கொடுங்கள். ஸ்கெட்ச்சில் உங்கள் ஓவியர் தாரிலுள்ள சீப்புகளைப் பக்கத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார் என்று சொல்கிறீர்கள். எண்ணத் தெரிந்த குழந்தை எண்ணும். கூடவே ஆட்டின் வயிறு பருத்துக்கொண்டே போகவேண்டும், அதை அவரிடம் கேளுங்கள். ஆடு தோலையும் சேர்த்துத்தான் தின்னும், அதனால் வழியில் தடயமே இருக்காது. தாத்தாவுக்குச் சந்தேகம் வராததற்கு நீங்கள் தனியாகக் காரணம் எழுதவேண்டியதில்லை. கடைசிப் பக்கத்தில் வெறும் காம்போடு தாத்தா நிற்க, வாசலில் நகர முடியாமல் ஆடு கிடந்தால், நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரியைக் குழந்தையே சொல்லும். அது சொல்லவேண்டிய வரியை நீங்கள் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானவற்றை உறுதியாகச் சொல்வேன். இனி சொல்வதில் அவ்வளவு உறுதி இல்லை. எந்த வயதில் குழந்தைக்கு இந்த வகை ஜோக் புரியும் என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. தனக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது சுமாராக நான்கு வயதில்தான் குழந்தைகளுக்குத் தெளிவாகப் பிடிபடுகிறது என்று உளவியலில் சொல்வார்கள். ஆனால் மூன்று வயதுக் குழந்தைகளும் நரி அடிபடுவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருவேளை அடிபடுவதற்காக மட்டும் சிரிக்கிறார்களோ என்னவோ. நான் ஓவியன், உளவியல் படித்தவன் இல்லை, அதனால் இதில் அடித்துச் சொல்லமாட்டேன். அதேபோல், பாத்திரம் இடமிருந்து வலமாக நகர்ந்தால் பயணம், வலமிருந்து இடமாக நகர்ந்தால் தடை என்று ஒரு விதி சொல்வார்கள். தமிழ் வாசிக்கும் திசையில் சைக்கிள் போவது நல்லதுதான், நானும் அப்படித்தான் வரைவேன். ஆனால் அது எழுதும் திசையோடு வந்த பழக்கம், இயற்கை விதி மாதிரிச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மஞ்சள் சிரிப்பு, நீலம் சோகம் என்கிற பட்டியல்களை நீங்கள் தாராளமாக மறந்துவிடலாம்.

என் ஆலோசனை பொருந்தாத இடங்களும் உண்டு. ஏழெட்டு வயதுக் குழந்தைகள் தாங்களே வாசிக்கிற புத்தகமானால் எழுத்தும் சிரிக்க வைக்கலாம். சொல் விளையாட்டு, விடுகதை, நாக்குப் புரளும் வரி இதையெல்லாம் வரைய முடியாது. அப்புறம், உங்கள் புத்தகம் முக்கியமாகப் பள்ளிக்குப் போகப்போகிறது என்றால் இன்னொரு சிக்கல். நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் ஆசிரியர் புத்தகத்தை மேலே தூக்கிக் காட்டினால், கடைசி வரிசைக்கு வேலிக்கு மேலே தெரிகிற கொம்பு தெரியாது, கருவிழி நகர்ந்ததும் தெரியாது. மடியில் வைத்துப் பார்க்கிற தூரத்துக்கு வரைந்த ஜோக் அங்கே செத்துவிடும். அப்போது ஆடு பெரிதாக, பின்னணி குறைவாக இருக்கவேண்டும். எந்தத் தூரத்துக்கு வரைவது என்பதைப் பதிப்பாளரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

உரிமை விஷயம்: படப்புத்தகத்தில் கதையில் பாதியை ஓவியர்தான் சொல்கிறார், அதனால் நல்ல பதிப்பகங்கள் அட்டையில் இரண்டு பெயரும் போடுகின்றன. உங்கள் கதையின் போக்கை மாற்றினால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆடு உங்களுடையது, பழத்தைத் தின்றதும் நீங்கள் எழுதியதுதான். அவர் செய்தது, அதை எப்போது காட்டுவது என்பதை மாற்றியது மட்டும்.

பதில் எழுதும் முன் ஒரு டம்மி செய்து பாருங்கள். ஆறு ஏ4 தாளை ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 24 பக்கம். தலைப்பு, பதிப்பு விவரம் போக, கதைக்குப் பத்துப் பதினொரு விரிப்புகள் கிடைக்கும். ஸ்கெட்ச்சைக் கறுப்பு வெள்ளையில் சின்னதாக ஜெராக்ஸ் எடுத்து ஒட்டி, எழுத்தை வெட்டி வெட்டிப் பக்கத்தில் வையுங்கள். ஆட்டின் முகத்தின் மேல் எழுத்து உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இது அடிக்கடி நடக்கும். பிறகு உங்கள் கதையைக் கேள்விப்படாத ஒரு குழந்தைக்கு, நான் அடிக்கச் சொன்ன வரிகள் இல்லாமல், ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள், ஆட்டை விரலால் காட்டாதீர்கள். எந்தப் பக்கத்தில் அது முதலில் சத்தம் போடுகிறது, எந்தப் பக்கத்தில் உங்கள் கையை மீறித் தாளைத் திருப்பப் பார்க்கிறது என்று மட்டும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஓவியருக்கு நீங்கள் அனுப்பவேண்டிய குறிப்பு அதுதான். "ஆட்டை எடுங்கள்" என்பதைவிட, "12-ஆம் பக்கத்தில் யாரும் ஆட்டைக் கவனிக்கவில்லை" என்று எழுதினால் அவருக்கு வேலை செய்ய ஏதாவது கிடைக்கும். வண்ணம் தொடங்கிய பிறகு ஒரு பக்கத்தை மாற்றச் சொன்னால் அவருக்கு நாள்கணக்கில் போய்விடும், ஆகவே இந்த வாரத்துக்குள் செய்துவிடுங்கள்.